விரைவில் வெளிவரும்

பேராசிரியர் தடிமனான கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்தில் பட்டியல் தயாரிக்கும் பெண்ணின் மேசையில் வைத்தார்.

"'நம்பிக்கையும் சமூகமும்'. முடிச்சிட்டேம்மா."

அவள் எழுந்து நின்றாள்.

"இவர் எங்க எழுதப் போறார்னு வீட்லயே கைகழுவிட்டாங்க. ஆனா, வருஷா வருஷம் உங்க 'விரைவில் வெளிவரும்' பட்டியல்ல என் புத்தகம் இருந்துச்சு. ஒன்பது வருஷமா என்னை நம்பினது நீங்க ஒருத்தர்தான். அதான் உங்களுக்கே சமர்ப்பணம் பண்ணியிருக்கேன்."

அவள் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

பக்கத்து மேசைக்காரர் கேட்டார். "அவர் மேல அவ்வளவு நம்பிக்கையா உனக்கு?"

"நீங்க வேற, அண்ணே. பழைய பட்டியல்ல வருஷத்தை மட்டும் மாத்தி அச்சுக்கு அனுப்புவேன். கீழ என்ன இருக்குன்னு ஒரு தடவைகூடப் படிச்சதில்லை."

சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தவள், பிரதியை இழுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.