இடது கண்ணில் ஒரு ஜன்னல்

"இந்த ஜன்னல் மேல நான் பலகை அடிக்க மாட்டேன்!"

தொங்குசாரத்தில் நின்றபடி பெயிண்டர் மேலே பார்த்துக் கத்தினான். மொட்டை மாடியிலிருந்து சூப்பர்வைசர் கயிற்றில் கட்டி இறக்கிய பிளைவுட் பலகை அவன் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது.

ஆறு மாடிச் சுவர் முழுக்க ஒரே ஒரு முகம். ஒரு துணிக் கம்பெனியின் விளம்பரத்துக்காக மாடல் அழகி ஒருத்தியின் முகம். அவன் கையிலிருந்த, கோடு போட்டுக் கட்டம் பிரித்த புகைப்படத்தில் ஒரு கட்டம் என்றால் சுவரில் ஓர் ஆள் உயரம். கிட்டத்தில் நின்றால் அது முகமாகவே தெரியாது. வெறும் பெயிண்ட்.

அந்தச் சுவரில் ஆறு ஜன்னல்கள் இருந்ததுதான் கம்பெனிக்கு உறுத்தியது. அழகியின் முகத்தில் ஓட்டை இருக்கக் கூடாதாம். கட்டட உரிமையாளர் தலையாட்டிவிட்டார். குடியிருப்பவர்களை யார் கேட்டார்கள்? எல்லாரும் எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். வாயைத் திறந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பெயிண்டரும் அப்படி வந்தவன்தான்.

என்ன அநியாயம் இது! ஓர் அறைக்கு இருப்பதே ஒரு ஜன்னல். சட்டை விற்க வேண்டும் என்பதற்காக மனுஷன் மூச்சு விடக் கூடாதா?

திங்கட்கிழமை தாடையில் ஒரு ஜன்னல் போனது. ஆஸ்துமாக்காரர் ஒருவரின் அறை. அப்புறம் உதட்டில் இரண்டு, கன்னத்தில் ஒன்று. மூக்கில் போனது தையல்காரருடையது. அந்த வெளிச்சத்தில்தான் அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். பலகைக்குப் பின்னாலிருந்து மூன்று முறை தட்டினார். பெயிண்டர் வண்ணத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சம்பளத்துக்கு வேலை செய்பவன் வேறென்ன செய்வான்?

மிச்சம் இடது கண். அதன் நட்டநடுவில் ஆறாவது ஜன்னல்.

இன்று அவனுக்குப் பொறுக்கவில்லை. பிரஷ்ஷைச் சாரத்தில் ஓங்கி அடித்தான். கறுப்புப் பெயிண்ட் அவன் முகத்திலேயே தெறித்தது.

"உள்ள ஆளு இருக்கு சார்! குழந்தை இருக்கு! வெளிச்சம் வேணாமா? காத்து வேணாமா? இந்த மாதிரி பொந்துல நீங்க இருப்பீங்களா?"

அவனுக்கு மூச்சிரைத்தது. இவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருப்பது அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

சூப்பர்வைசர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"அஞ்சு ஜன்னலை அடைக்கும்போது கம்முனுதானே இருந்த? இதுக்கு மட்டும் என்னப்பா திடீர்னு?"

பெயிண்டர் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

திறந்திருந்த ஜன்னலுக்கு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. குறுக்கே கட்டியிருந்த கொடியிலிருந்து துணிகளை எல்லாம் அவள் காலையிலேயே எடுத்துவிட்டிருந்தாள்.

"எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க?" என்றாள் அவன் மனைவி. "நாலு நாளா படியில எதிர்ப்பட்டா ஒருத்தரும் என்கூடப் பேசுறதில்ல. நம்ம ஜன்னல் மட்டும் திறந்திருந்தா, அவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது? அடிங்க."

ஜன்னல் கதவை அவளே இழுத்துச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.