கறுப்புப் புள்ளி விழுந்த கொல்லை

விவசாய ஆபீசர் என் கொல்லையில் இறங்கி மல்லாட்டைச் செடி ஒன்றைப் பிடுங்கினார். வேரில் தொங்கிய கடலையெல்லாம் பிஞ்சு. இலையைத் திருப்பிப் பார்த்தார். கறுப்புக் கறுப்பாகப் புள்ளி.

"பூஞ்சணம். போன வருஷத்துச் சருகு மண்ணுல கெடந்திருக்கும். அதுலேர்ந்து காத்துலயும் மழைச்சாரல்லயும் ஏறுது."

நான் நம்பவில்லை. சட்டையை உள்ளே விட்டவன் சொல்வது எதையும் நான் நம்புவதில்லை. இந்த மண்ணுக்கு அடியில் கரி கிடக்கிறது என்று ஒருவன் வந்து சொன்னான். அதையும்தான் நம்பவில்லை. இப்போது நெய்வேலிப் பக்கம் போய்ச் சுரங்கத்தைப் பார்த்தால் தெரியும்.

ஆனாலும் ஊரார் சுற்றி நின்றார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்று இருந்தேன்.

என் மகள் செல்லக்கிளி வீட்டுக்கு விலக்கான நாளில் கொல்லைக்குள் நடந்துவிட்டாள், அதனால்தான் பயிர் கருகியது என்று ஊரெல்லாம் பேச்சு. முதலில் பேசியவன் என் மச்சான் ராஜாங்கம்தான். பெண் கேட்டு வந்துகொண்டிருந்த கம்மாபுரத்துக்காரர்கள் அதோடு நின்றுவிட்டார்கள்.

ராஜாங்கம் ஆபீசரை விடவில்லை. "பொம்பள தீட்டோட உள்ள பூந்தாக்கூட வராதுன்றீங்களா?"

"உங்க கொல்லையிலயும் இதே புள்ளியப் பாத்துட்டுத்தான் வர்றேன். அங்க யாருய்யா பூந்தது?"

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ராஜாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

செல்லக்கிளி வரப்பில் நின்றிருந்தாள். பேச்சு கிளம்பியதிலிருந்து அவள் கொல்லைக்குள் கால் வைத்ததில்லை.

"கேட்டுக்கினியா? உள்ள வா புள்ள," என்றேன்.

அவள் வரவில்லை.

"எந்தக் கொல்லைக்குப்பா? நேத்துதான் மைன்ஸ்காரங்க கல்லு நட்டுட்டுப் போனாங்களே. அதுவும் என் காலாலதானான்னு மாமாவக் கேளு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஆபீசர் செடியைக் கீழே போட்டார். நிலத்தை எடுக்கும் முன்பு என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்துப் போகத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். வைத்தியம் சொல்ல அல்ல.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. இதற்கு மருந்து என்ன என்று கேட்டேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிக்க வேண்டும் என்றார். எவ்வளவு தண்ணீருக்கு என்று கேட்டேன். அதையும் சொன்னார்.

செல்லக்கிளி சும்மாட்டுத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். மைன்ஸில் கான்ட்ராக்டு மண்வேலை. போன மாதத்திலிருந்து போகிறாள்.

கூடை தூக்க வருகிற பொம்பளையிடம் அங்கே யாரும் தீட்டா என்று கேட்பதில்லை.