சங்க மலருக்கு ஒரு பிழை

ஓய்வுபெற்ற தமிழாசிரியை மங்கையர்க்கரசியின் கட்டுரையைக் குடியிருப்போர் சங்க மலரின் தேர்வு இயந்திரம் மூன்றாம் முறையாகத் திருப்பியனுப்பியது: "பிழையே இல்லை. மனிதர் எழுதியதற்குச் சான்றில்லை."

கணவர் தணிகாசலம் எடுத்த புகைப்படமோ, ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் விழுந்திருந்ததால் உடனே தேறிவிட்டது.

டீச்சர் 'பள்ளி'யைப் 'பல்லி' ஆக்கி அனுப்பினார். "இது நடிப்பு" என்றது இயந்திரம்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்கள் மலருக்கு என் வாழ்த்துக்கள்!" என்று கட்டுரையின் அடியில் படபடவென்று தட்டி அனுப்பினார்.

"ஏற்கப்பட்டது."

"ஏனுங்க, நான் தேறிட்டேனுங்க!" டீச்சர் கூடத்தைச் சுற்றிச் சுற்றிக் குதித்தார்.

தணிகாசலம் திரையைப் பார்த்தார். "முப்பது வருசமா 'வாழ்த்துகள்'ல 'க்' வராதுன்னு பசங்க காதைத் திருகினியே அரசி! இப்ப உன் காதை யாரு திருகறது?"

சிரிப்பை அடக்க மாட்டாமல் டீச்சர் காதை நீட்டினார்.

"மெதுவாத் திருகுங்க. மனுசி காது!"