ஆற்றில் நனைத்த கை

1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் பன்னிரண்டு, வியாழக்கிழமை. உலகுக்கெல்லாம் மருத்துவர்களை அனுப்பிவைக்கும் கியூபா நாட்டில், பினார் தெல் ரியோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றின் பல் மருத்துவமனையில், நாடெங்கும் நிலவிய தட்டுப்பாட்டால், மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்து ஒரு துளியும் இல்லை. இது முறையா என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தெம்பில்லை.

ஒதாலிஸ் கேட்கும் நிலையிலேயே இல்லை. சுருட்டு ஆலையில் இலை சுற்றும் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி, இடக்கண் பாதி மூடிவிட்டது. காலையில் வந்தவுடன் வழக்கம்போல் "யாருங்க கடைசி?" என்று கேட்டு, கைதூக்கிய கிழவருக்குப் பின் தன் இடத்தை உறுதி செய்துகொண்டாள். முறை வந்து, பல் மருத்துவர் நெரெய்தா பல்லில் குறடு வைத்ததுமே துள்ளி, உதட்டைக் கிழித்துக்கொண்டாள்.

"இப்படி ஆடினா நான் தொட மாட்டேம்மா" என்றார் நெரெய்தா. "அப்படியே விட்டாலும் ஆபத்து. ராத்திரிக்குள்ள வீக்கம் தொண்டைக்கு இறங்கிட்டா மூச்சு அடைச்சிடும்."

ஒரே வழிதான் மிச்சம் என்றும் அவர் சொன்னார். மாகாண மருத்துவமனையிலிருந்து ஹிப்னாடிச மருத்துவர் ஒருவர் மதியப் பேருந்தில் வருகிறார். பேச்சாலேயே வலியை அடக்குவாராம். இந்த ஊருக்கு அவர் வருவது இதுவே முதல் முறை.

மதியம் போய் மாலை வந்தது; பேருந்து வரவில்லை. காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். மின்சாரமும் நின்றது. பெஞ்சில் தனியே சுருண்டிருந்த ஒதாலிஸுக்கு எச்சிலை விழுங்குவதே பெரும்பாடாயிற்று.

அப்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். கைக்குட்டையால் கன்னத்தை ஒற்றியபடி, இருண்டு வெறிச்சோடிக் கிடந்த நடையை நோக்கினார்.

"நீங்கதான் கடைசியா?"

"ஆமா. ஹிப்னாடிசத்துக்குத்தான் காத்திருக்கேன். இனி என்னால முடியாது, ஏதாவது செய்யுங்க." அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள்.

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தூங்கவச்சு என் ரகசியத்தை எல்லாம் பிடுங்கிடுவீங்களா?" என்று கேட்டாள் ஒதாலிஸ்.

"பல்லைப் பிடுங்கவே இங்க வழியக் காணோம். ரகசியத்தை யாரு பிடுங்கப் போறா?"

தூக்கமும் இல்லை, மந்திரமும் இல்லை என்று விளக்கினார். எல்லாம் காதில் விழும். வேண்டாமென்றால் அந்தக் கணமே கண்ணைத் திறக்கலாம். வலியிலேயே குத்துக்கல்லாக நிற்கும் மனத்தைக் கைபிடித்து வேறிடத்துக்கு அழைத்துப் போவதுதான் சங்கதி. உதடு அதிகம் அசையாமல், மிக மெதுவாகப் பேசினார். அதுவும் அந்த வித்தையில் சேர்ந்தது என்றே ஒதாலிஸ் எண்ணினாள்.

"கண்ணை மூடுங்க. ஜனவரி மாசம், ஆத்தோரமா உட்கார்ந்திருக்கீங்க. கையைத் தண்ணியில விடுங்க. ஜில்லுன்னு இருக்கு. விரல் மரத்துப் போகுது, மணிக்கட்டு மரத்துப் போகுது. இப்ப அந்தக் கையை எடுத்துக் கன்னத்துல வைங்க. அந்தக் குளிரு பல்லு வரைக்கும் இறங்கட்டும்."

இறங்கியது. அவளது மூச்சு நீண்டது, தோள்கள் தளர்ந்தன.

எட்டிப் பார்த்த நெரெய்தாவுக்கு அவள் முகத்தைக் கண்டதும் போன உயிர் திரும்பிவந்தது. அவளை நாற்காலிக்கு நடத்திச் சென்றார். வெள்ளைச் சட்டைக்காரரும் கூடவே வந்து, கைக்குட்டையை எடுக்காமலே, அவள் காதருகில் ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சன்னல் வெளிச்சத்தில் குறடு உள்ளே போயிற்று. ஒதாலிஸ் ஓர் இழுவையை உணர்ந்தாள். ஆனால் அது அக்கரையில் யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது. பல் வந்தது, சீழும் வடிந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, அன்று முதன்முறையாகச் சிரமமின்றி எச்சில் விழுங்கினாள்.

"நல்லவேளை வந்தீங்க, டாக்டர்" என்றார் நெரெய்தா, கையைக் கழுவியபடி. "பஸ் வராமலே போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"பஸ் வரல. மலையடிவாரத்துலேர்ந்து நடந்துதான் வரேன்."

அவர் கைக்குட்டையை எடுத்தார். கன்னம் பழுத்த பப்பாளியாய் வீங்கியிருந்தது.

"போன வருஷம் மாகாண ஆஸ்பத்திரியில அந்த ஹிப்னாடிச டாக்டர் எனக்குச் சொன்னதைத்தான் இவங்களுக்குச் சொன்னேன்."

காலியான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஒதாலிஸின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"கடைசி ஆள் நான்தாம்மா. ஆத்தைப் பத்தி இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க."