மொக்கையன் கைராசி

"ஏலே மொக்கையா, ஒரு கை விதை போடுன்னுதானே கேக்கேன்? உசுரையா கேட்டேன்?"

பரளச்சிக் கரிசலில் ஏர் பூட்டி நின்ற சங்கையாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சாணிப்பாலில் புரட்டி உலர்த்திய பருத்தி விதை பெட்டியில் காத்திருந்தது. நேற்றுப் பெய்த மழையின் ஈரம் இன்றைக்குள் காய்ந்துவிடும். இந்த விதையும் முளைக்காமல் போனால் வீட்டில் வேறு விதை கிடையாது.

மொக்கையன் வரப்பை விட்டு இறங்கவில்லை. பாகிஸ்தான் சண்டை முடிந்து, பட்டாளத்தை உதறிவிட்டு அவன் ஊர் திரும்பி ஒரு மாசம் ஆகிறது. இன்னும் ஒருத்தர் புஞ்சையிலும் கால் வைக்கவில்லை.

"வேற யாரையாச்சும் கூப்புடு மாப்ளே."

"வேற யாரு இருக்கா? நீ இல்லாத வருசமெல்லாம் போட்டதுல பாதி மக்கிப் போச்சு."

அடடா, அதெல்லாம் என்ன காலம்! முதல் மழை விழுந்ததும் சுற்று வட்டாரமே மொக்கையனைத் தேடும். ஏர் கீறும் முதல் சாலில் அவன் கைதான் விதை போட வேண்டும். ஏருக்குப் பின்னால் ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டே நடப்பான். கை தன்பாட்டுக்கு விதையை விட்டுக்கொண்டு போகும். ஒன்றுகூடப் பொய்க்காது. மத்தியானம் வேப்பமரத்து நிழலில் கம்மங்கூழும் சுட்ட கருவாடும். நினைத்ததுமே சங்கையாவுக்கு நாக்கில் ஊறியது, கண்ணும் கலங்கியது.

"பட்டாளத்துச் சோறு தின்னதும் கரிசல் கசக்குதாக்கும்! அங்க என்ன, பீரங்கியா சுட்டே? மண்ணு வேலைதான்னு நீதானே சொன்னே?"

"மண்ணு வேலைதான்."

"அப்ப எங்க மண்ணு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

மொக்கையன் வலது கையை வேட்டியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

"எல்லையில கண்ணிவெடி பதிச்சேன் மாப்ளே. புது மாதிரி வெடி. காவலுக்கு ஆளே வேண்டாம், மண்ணுக்குள்ள அதுவாக் காத்துக் கெடக்கும். மிதிக்கிறது யாருன்னு அதுக்குத் தெரியாது. 'மொக்கையன் கை பட்டா பழுதே கிடையாது'ன்னு ஆபீசரு முதுகுல தட்டுவாரு."

"சரி, எதிராளிக்குத்தானே வச்சே?"

"எதிராளி ஒருத்தனும் அந்தப் பக்கமே வரலே. சண்டையெல்லாம் முடிஞ்சு, மழை பேஞ்சிருக்கேன்னு ஏர் பூட்டிக்கிட்டு வந்தான் பாரு அந்த ஊருச் சம்சாரி, அவன்தான் மிதிச்சான்."