ரைஸ்தான் சார் வெர்ப்!

"ரைஸ்தான் சார் வெர்ப்!"

ஷாஹீதா எழுந்து நின்று சொன்னதும் டுடோரியல் வகுப்பே சிரித்தது.

கரும்பலகையில் 'மீனா ஈட்ஸ் ரைஸ்' என்று எழுதி, இதில் வினைச்சொல் எது என்று கேட்டிருந்த முனிரத்தினம் சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சோறு எப்படிம்மா வினைச்சொல் ஆவும்? போன கிளாஸ் பூரா இதத்தானே கத்திக்கினு இருந்தேன்!"

"இல்ல சார். 'மீனா சோறு சாப்புடுறா'ன்னு சொன்னா, நம்ம பேச்சுல வெர்ப் கடைசியிலதானே வருது? அதான் இங்கயும் கடைசியில இருக்கறதச் சொன்னேன்."

மறுபடி சிரிப்பு.

வேறு வழியில்லாமல் சார் பலகையை அழித்தார். மூன்று கட்டம் போட்டார். தமிழில் செயல் கடைசியில் வரும், இங்கிலீஷில் நடுவில் வந்து உட்காரும் என்று முதலிலிருந்து விளக்கினார்.

ஷாஹீதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அங்கம்மாள், உதடு அசையாமல் மூன்று கட்டத்தையும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கிற வகுப்பு அது. பத்தாவதில் தவறிய பையன்களுக்கு நடுவில் பெண்கள் என்று இவர்கள் இரண்டு பேர்தான்.

அங்கம்மாள் சாலவாக்கம் ஏரிப்பக்கம் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். பள்ளிக்கூடத்தை விட்டுப் பல வருஷம். இங்கிலீஷ் ஒன்றுதான் பாக்கி. அதைப் பாஸ் செய்தால் அவர்கள் குடியிருப்புக்கு வரப்போகிற பால்வாடியில் வேலை கேட்கலாம். இல்லாவிட்டால் வெளியூரிலிருந்து யாரோ வருவார்கள். வந்தாலும் வருவார்கள், வராமலும் போவார்கள்.

முதல் நாள் அவள் பதில் சொல்லத் திணறியபோது பையன்கள் சிரித்தார்கள். பாதி வகுப்பிலேயே பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவ்வளவுதான், இனி வரமாட்டாள் என்றே சார் நினைத்தார்.

ஆனால் அடுத்த வாரம் வந்தாள். கூடவே அவள் வேலை செய்யும் அரிசி மண்டியின் சொந்தக்காரர் ரஹமத்துல்லாவின் மனைவி ஷாஹீதாவும் வந்தாள்.

அன்றிலிருந்து சாருக்குப் பேஜார்தான். எதைக் கேட்டாலும் முதலில் எழுவது ஷாஹீதா. சொல்வதெல்லாம் தப்பு. பையன்கள் அங்கம்மாளை மறந்தே போனார்கள். சிரிக்க ஷாஹீதாவே போதுமாக இருந்தாள்.

ஒரு நாள், 'ஷி பியூட்டிஃபுல்' என்று எழுதி, இதில் என்ன பிழை என்று கேட்டார் சார்.

"பிழையே இல்ல சார்," என்று எழுந்தாள் ஷாஹீதா. "'அவ அழகு'ன்னா தமிழ்ல முடிஞ்சிபோச்சே. நடுவுல 'இஸ்' ஒண்ணு எதுக்கு சார் தண்டமா?"

சார் சாக்பீஸை மேஜையில் எறிந்தார்.

"ஏம்மா, உனக்கு மண்டி இருக்கு, வூடு இருக்கு. பொழுது போகலன்னா வேற எங்கியாவது போயேன். பாவம், இந்த அங்கம்மா வேலைக்காகப் படிக்க வந்திருக்கா. உன்னால அவ பாடமும் கெடுது!"

ஷாஹீதா முகம் சிவந்து உட்கார்ந்தாள். அங்கம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஷாஹீதா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கோபம் தணிந்த பிறகு சார், இங்கிலீஷில் வெர்ப் இல்லாமல் வாக்கியம் நிற்காது என்பதைப் பொறுமையாக விளக்கினார். அடுத்த வாரமும் ஷாஹீதா வந்தாள். அப்போதும் தப்பாகத்தான் சொன்னாள்.

பரீட்சை முடிந்து ரிசல்ட் வந்தது. அங்கம்மாள் பாஸ்!

ஷாஹீதாவின் ரிசல்ட் பற்றிப் பேச்சே காணோம்; தவறியிருப்பாள் என்று நினைத்தார் சார். அன்று அத்தனை பேர் எதிரில் அப்படிப் பேசிவிட்டோமே என்று சாருக்கு உறுத்தியது. ஆறுதல் சொல்லலாம் என்று மண்டிக்குப் போனார். ரஹமத்துல்லா மட்டும் இருந்தார்.

"ஷாஹீதா மனசு ஒடைய வேணாம்னு சொல்லுங்க பாய். அடுத்த தடவை எழுதிக்கலாம்."

ரஹமத்துல்லா விழித்தார். "இன்னா எழுதறது சார்? அது பி.ஏ. இங்கிலீஷ் லிட்ரேச்சர் ஆச்சே! அங்கம்மா தனியாப் போகக் கூச்சப்படுதுன்னு துணைக்குத்தான் வந்துக்கினு இருந்துச்சு."

சாருக்கு ஷாஹீதா சொன்ன தப்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாமே அங்கம்மாளுக்கு வந்திருக்கக்கூடிய சந்தேகங்கள். எழுந்து கேட்கத்தான் அவளுக்கு வாய் வந்திருக்காது.

மறு ஞாயிறு அங்கம்மாள் வாழைப்பழச் சீப்போடு மாடியேறி வந்தாள்.

"பாஸ் பண்ணிட்டேன் சார். எல்லாம் உங்க புண்ணியம்."

"எனக்கு எதுக்கும்மா புண்ணியம்? உனக்கு ஒரு சங்கதி தெரியாது. அந்த ஷாஹீதா..."

"நல்லா இங்கிலீஷ் படிச்சவங்க, அதானே சார்?"

சார் அசந்துபோனார். "யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல சார். மண்டியில பொட்லம் மடிக்க வெச்சிருந்த இங்கிலீஷ் பேப்பர ஒரு நாள் எடுத்துப் படிச்சி, தனியா சிரிச்சிக்கினு இருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களுக்குச் சிரிப்பு வருங்களா?"

"அப்போ, நான் அன்னிக்குத் திட்டினப்பவும் உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். சொல்லிடலாம்னுதான் வாயெடுத்தேன். அக்காதான் கையப் புடிச்சிடுச்சு."

"அதுக்கப்புறம் அவங்ககிட்டயாவது கேட்டியா?"

அங்கம்மாள் பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இல்ல சார். நீங்களும் கேட்டுடாதீங்க. இங்கிலீஷ் தெரியாத மாதிரி எப்படி நடிச்சேன்னு அக்கா நெனச்சி நெனச்சி சந்தோஷப்பட்டுக்கினு கீது. எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னா அதுக்குக் கூச்சமாப் பூடும்!"