ஈரம் காய்ந்த பிறகு

சாப்பாட்டு மேசையில் விரித்த துண்டின் மேல், மீன்தொட்டி ஹீட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி பிரிந்து கிடக்கிறது. தொட்டியில் விரிசல் விட்டுக் கசிந்த உப்புநீர், கீழ் அலமாரியிலிருந்த பெட்டிக்குள் இறங்கிவிட்டது. காலடியில் ஒரு வாளி. அதில் இரண்டு கோமாளி மீன்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி அசையாமல் நிற்கின்றன. தண்ணீர் குளிர்ந்துகொண்டே வருகிறது. அலுவலக உடையைக்கூட மாற்றாமல், அவள் சர்க்யூட் போர்டைப் பழைய பல்துலக்கியால் தேய்க்கிறாள். ஸ்பிரிட் நெடி கண்ணைக் கரிக்கிறது. வெள்ளை உப்புப் பொருக்கு கரைந்து விலக, அடியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. குனிந்து முகர்கிறாள். கருகல் வாடை.

"கரண்ட் குடுத்தீங்களா?"

சோபாவில் கணவனின் கட்டைவிரல் கைபேசித் திரையில் அப்படியே நிற்கிறது.

"நல்லாக் காய வெச்சிட்டுத்தான் போட்டேன். உன் ஹேர் டிரையரை எடுத்து நானே காய வெச்சேன்."

"நான் வர்ற வரைக்கும் தொடாதீங்கன்னு போன்ல சொன்னேன்ல?"

"ஏன், எனக்கு ஒண்ணும் தெரியாதா? வந்துட்டாங்க இன்ஜினீயரம்மா!"

"தண்ணி காயும். உப்பு எங்கங்க போகும்? அதுலதான் ஷார்ட் ஆயிருக்கு."

"நான் போட்டப்ப லைட்டு பளிச்சுன்னு எரிஞ்சுது. நீ போட்டுத் தேய்ச்சதுலதான் போயிருக்கும்."

பல்துலக்கியை அவள் கீழே வைக்கிறாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய், தளும்பத் தளும்ப அவன் மடியில் இறக்குகிறாள்.

"கட்டிப் பிடிச்சுக்குங்க. உங்க சூட்டுலயாவது அதுங்க பொழைக்கட்டும்."